தோற்றதற்குத் துள்ளிய வசந்தா அக்கா

பேராவூரணிப் பக்கம் ஒரு கொட்டகையில், கன்று ஈன்று எழாமல் கிடந்த மாட்டின் ரத்தத்தைக் கைக்கருவியில் விட்டுக் காத்திருந்தபோதுதான் போன் வந்தது. தஞ்சாவூர் ஆய்வகத்து வசந்தா அக்கா போய்விட்டார். கருவியின் திரையில் எண்கள் வந்தன. கண் கலங்கி எதுவும் தெரியவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அக்கா என்னைத் திட்டாத நாள் குறைவு. அந்தக் கருவி முதலில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்குச் சோதனைக்காகத்தான் வந்தது. ஒரே ரத்தத்துக்கு அதன் எண்ணும் அக்காவின் ஆய்வக எண்ணும் ஒத்துப்போனால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தஞ்சாவூரிலிருந்து முடிவு வருவதற்குள் செத்த மாடுகளைப் பார்த்து நொந்தவன் நான். அது போய்விடக்கூடாதே என்று தவித்தேன்.

பாஸ்பரஸ் மட்டும் ஒத்தே வரவில்லை. கன்று ஈன்ற மாடு எழுந்து நிற்க அந்தச் சத்து வேண்டும். கருவி குறைவு என்றது. அக்கா போதுமான அளவு என்றார்.

“டாக்டர், உங்க பொம்மையத் திருப்பி அனுப்பிடுங்க.”

“உங்க மெஷினுக்குத்தான் வயசாயிடுச்சுக்கா!” என்று நானும் கத்தினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்! ஒரே மாட்டிடம் இரண்டு குழாய் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒன்று வழக்கம்போல என் பைக் பெட்டியில், வாய்க்கால் கரை மேடுபள்ளத்தில் குதித்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனது. மற்றதை நிழலில் உறையவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பிரித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் ஆய்வகத்தில் அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! “டாக்டர், நான் தோத்துட்டேன்! உங்க பொம்ம ஜெயிச்சிடுச்சு!” பைக்கில் குலுங்கிய ரத்தத்தில் அணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பாஸ்பரஸ் கலந்து எண்ணை ஏற்றியிருந்தது. மடியில் வந்தது கருவியோடு அப்படியே பொருந்தியது. “ஊருலேருந்து வர்றது எல்லாமே லேசா செவந்துதான் வரும். பாத்துப் பாத்துப் பழகிட்டேன் டாக்டர்!” எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நடுவில் ஒரு நிமிடம் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ, நான் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்த மாடெல்லாம்?” பிறகு அவரே உட்கார்ந்து, ஆய்வகத்தின் பழைய எண்கள் தவறு என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார். கருவி எங்களிடமே நின்றது.

அன்று பேராவூரணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பாஸ்பரஸ் குறைவு. அங்கேயே மருந்து ஏற்றினேன். மறுநாள் காலை மாட்டுக்கார அம்மா போனில் கூவினார்: “எந்திரிச்சு நிக்கிதுங்க!”

அக்காவின் அந்தக் கூச்சலைத்தான் நான் வைத்திருக்கிறேன். என் கணிப்பு தப்பும்போதெல்லாம் “நான் தோத்துட்டேன்!” என்று உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லத்தான் இன்னும் வரவில்லை.