கன்னத்தில் வைத்த கை

கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு கார்த்திகா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உடனே டஸ்டரை எடுத்து எழுதியதை அழித்துவிட்டாள்.

"ஏம்மா அழிச்ச? கரெக்டாத்தானே போட்டிருந்த?"

"நீங்கதான் மிஸ், இல்லன்னு தலையாட்டினீங்க."

நான் ஆட்டவில்லை. தலை தானாக ஆடியிருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் எனக்கு இந்த நோய் இப்படித்தான் அறிமுகமானது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ தலை இப்படி ஆடத் தொடங்கியிருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வியும் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு என்னை முறைத்தாள். "இன்னாக்கா, வஞ்சரம் காட்னாலும் வேணான்னு தலைய ஆட்ற, சங்கரா காட்னாலும் ஆட்டிகினே கீற. பின்ன இன்னாத்துக்கு கூப்ட்ட?" என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயந்து போயிருந்தேன். இணையத்தில் தேடினால் எடுத்த எடுப்பில் பார்க்கின்சன் என்றது. சரியான விடைக்கும் 'இல்லை' என்று தலையாட்டும் டீச்சரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதை நினைத்தாலே அழுகை வந்தது.

ஒரே ஒரு உபாயம் கைவசம் இருந்தது. கன்னத்தில் விரலை வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். வகுப்பில் அப்படியே சமாளித்தேன். வீட்டில் அது நடக்காது. என் கணவர் ரகு, "கன்னத்துல கை வைக்காதே, குடும்பத்துக்கு ஆகாது" என்று உடனே கையைத் தட்டிவிடுவார்.

கடைசியில் அவரையே கூட்டிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மாள் என்னைக் கையை நீட்டச் சொன்னார், சுருள் சுருளாகக் கோடு போடச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குடும்பத்தில் வேறு யாருக்காவது நடுக்கம் உண்டா என்று கேட்டார். தைராய்டு கூடினாலும், சில மருந்துகளாலும், பரம்பரை நடுக்கத்தாலும், சிறுமூளைக் கோளாறாலும் தலை ஆடலாமாம்.

"பார்க்கின்சன்ல பெரும்பாலும் கைதான் நடுங்கும், சில பேருக்குத் தாடை. தலை மட்டும் இப்படி ஆடறது அபூர்வம்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியில் என் விரல் தானாகக் கன்னத்துக்குப் போனது. ரகு வழக்கம்போல் தட்டிவிட்டார்.

"சார், அவங்க கையைத் தட்டிவிடாதீங்க!" டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மேடம், திரும்ப வைங்க."

வைத்தேன், நின்றது. எடுத்தேன், ஆடியது.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"கன்னத்துல கை வச்சா குடும்பத்துக்கு ஆகாதாம், டாக்டர்."

ரகு தன் இரண்டு கைகளையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்திருப்பது செர்விகல் டிஸ்டோனியா (கழுத்துத் தசைகள் நம்மைக் கேட்காமல் இழுத்துக்கொள்வது). ஓரிடத்தைத் தொட்டால் ஆட்டம் அடங்குவது இதற்கு முக்கியமான அடையாளம். என் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும் டாக்டர்தான் காட்டினார். மற்ற காரணங்களை விலக்க ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டிலும் கோளாறு எதுவும் இல்லை.

கழுத்தில் பொட்டுலினம் ஊசி (இழுக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து) போட்டார்கள். முதல் முறை சில நாள் விழுங்கச் சிரமமாக இருந்தது. சொன்னதும் அடுத்த முறை அளவைக் குறைத்தார்கள். நோய் அடியோடு போகாது, சில மாதங்களில் ஊசியின் வேகம் குறைந்துவிடும். அப்போது மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே தொட்டால் அடங்குகிறது, படுத்தால் நிற்கிறதா, எப்போது கூடுகிறது என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆட்டம் திடீரென்று தொடங்கி, பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முன்பு என் வருஷம் ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கும். இப்போது ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் இருப்பதுதான் என் காலம். அதன் கடைசி வாரங்களில் தலை மறுபடி தன் இஷ்டத்துக்கு ஆடும். ஆடட்டும், அதுவும் என் தலைதானே! மாலையில் டிவி பார்க்கும்போது கன்னத்திலிருந்து கை நழுவினால், ரகுவே எடுத்துத் திரும்ப வைத்துவிடுகிறார்.

போன வாரமும் அப்படி ஆடிக்கொண்டிருந்த ஒருநாள். கார்த்திகா கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். என் தலை 'இல்லை, இல்லை' என்றது. அவள் டஸ்டரைத் தொடவே இல்லை.

"எவ்ளோ வேணா ஆட்டிக்குங்க மிஸ். ஆன்சர் கரெக்ட்தான்."

கரெக்டாகத்தான் இருந்தது.