அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு வாஷர்

செயற்கைக்கோள்களைப் பொருத்திச் சேர்க்கிற கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம் மேடம்'. உள்ளே போகிற சாமான்களையும் வெளியே வருகிற சாமான்களையும் எண்ணுவாள். ஒத்துப்போனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாள், இல்லாவிட்டால் யார் சொன்னாலும் போடமாட்டாள். இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. வீட்டில் ஒரு கரண்டி குறைந்தாலும் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். கணவர் பஸ் ஓட்டுநர். தன் பயணிகளை அவர் இவ்வளவு கவனமாக எண்ணியதில்லை.

போன வருடம் ஒரு செயற்கைக்கோளை ஏவுதளத்துக்கு அனுப்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு வாஷர் குறைந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன உலோக வளையம். அது உள்ளே விழுந்து கிடந்தால் மேலே போய் மிதந்து எந்த மின்சுற்றிலாவது உட்கார்ந்துகொள்ளும். அவள் கையெழுத்துப் போடவில்லை. இயக்குநர் கெஞ்சினார், கத்தினார், கடைசியில் பிரிக்கச் சொன்னார். எட்டு நாள் பிரித்தும் வாஷர் கிடைக்கவில்லை. எரிபொருள் குழாயைத் தாங்கும் பட்டையில் மயிரிழை விரிசல் ஒன்று கிடைத்தது. யாரும் தேடாத விரிசல். அப்படியே அனுப்பியிருந்தால் மொத்தமும் வானத்தில் புகைந்திருக்கும்.

ஒரு செயலை அதன் பலனை வைத்து எடைபோடுவதா, செய்தவர் மனதை வைத்து எடைபோடுவதா என்று தத்துவம் படித்தவர்கள் வெகுகாலமாக மல்லுக்கட்டுகிறார்கள். விருதுக் குழுவுக்கு அந்தத் தலைவலி கிடையாது. வருடா வருடம் கோட்டுப் போட்டவர்களுக்கே கொடுத்துவந்த விண்பொறியியல் சாதனையாளர் விருதை, 'ஈடிணையற்ற விழிப்புக்காக' அவளுக்கு அறிவித்தார்கள். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

"பின்பக்கமும் வேணுமாங்க."

"பின்னால என்ன இருக்கப்போகுது, தொலைஞ்சா திருப்பிக் குடுங்கன்னு போட்டிருப்பான்" என்றபடி கணவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை உருவினார். பின்னால் ஒரு துண்டு டேப். டேப்பில் வாஷர்.

அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கையுறை மாற்றும்போது சின்னச் சாமானை டேப்பில் ஒட்டி எங்காவது செருகிக்கொள்வது கூடத்தில் தடைசெய்த பழக்கம். பிடிபட்டால் ஆறு மாதம் பேக்கிங் பிரிவு. இரண்டு வருடம் முன்பு சுருட்டை என்ற டெக்னீஷியனை இதற்காகவே மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து அனுப்பியவள் அவள்தான். ஆறு மாதம் என்று போனவன் இன்னும் அங்கேதான் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. போனால் தானும் திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூடத்தைத் தவிர அவளுக்கு வேறு உலகமும் கிடையாது.

"பேசாம குப்பையில போடு. விரிசல் கிடைச்சது பொய்யா?" என்றார் கணவர்.

"விரிசலை நான் எங்க தேடினேன்? வாஷரைத் தொலைச்சேன், அவ்வளவுதான்."

"தொலைச்சதுக்குத்தான் விருதுன்னு வச்சுக்க. என் பஸ்ஸுல தினம் குடை தொலைக்கிறாங்க, ஒருத்தருக்கும் குடுக்கல."

அவள் சிரிக்கவில்லை. வாஷரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு விழாவுக்குப் போனாள். மைக் முன்னால் அதை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்கிட்டயேதான் இருந்துச்சு. டேப்புல ஒட்டி என் அட்டைக்குப் பின்னால வச்சிருந்தேன். தப்பு என்னுது."

அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. இந்தத் தன்னடக்கம்தான் நம் துறைக்குத் தேவை என்றார் விருதுக் குழுத் தலைவர். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் செய்தித்தாளில், உழைப்பின் சின்னமாக விருதாளர் ஒரு வாஷரை உயர்த்திக் காட்டினார் என்று படத்தோடு வந்தது.

செய்தி வந்த அன்று காலையே அவள் வாஷரோடு ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் கீப்பரை விழாவுக்கு யாரும் அழைத்திருக்கவில்லை.

"வந்துருச்சா? உங்களால இந்த ஒரு வரி பதினோரு மாசமா மூடாம கிடக்கு மேடம். ஆடிட்டு வரும்போதெல்லாம் நான் முழிக்கிறேன். எங்க இருந்துச்சு?"

"என் அட்டைக்குப் பின்னால. டேப்புல."

பேனா நின்றது. "தெரிஞ்சுதான் சொல்றீங்களா? எழுதினா மேல போகும்."

"எழுதுங்க."

எழுதினார். அவருக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

நாலாவது நாள் உத்தரவு வந்தது, ஆறு மாதம் பேக்கிங் பிரிவு என்று. கண்ணைத் துடைத்த அதே இயக்குநரின் கையெழுத்து.

சுருட்டை மேஜையில் இடம் ஒதுக்கினான். "வாங்க சாதனையாளரே. அட்டையத் திருப்புங்க."

திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தான். "சரி. நாளைக்கும் பாப்பேன்."

"பாரு. ஆமா, உனக்கு ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சிருச்சே, ஏன் திரும்பி வரல?"

"அனுப்பினவங்களே திரும்ப எழுதிக் குடுக்கணுமாம் மேடம். நீங்க எழுதல."

வெளியே போன திருகாணி ஒவ்வொன்றும் திரும்பி வந்ததா என்று பார்க்கிறவள், வெளியே அனுப்பிய ஆள் திரும்பி வந்தானா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஆணிப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை இழுத்தாள்.

"பேனா இருக்கா?"

"இருக்கு. எழுதிட்டுத் திருப்பிக் குடுத்துருங்க" என்றான் சுருட்டை. "எண்ணி வச்சிருக்கேன்."