கட்டி அழ ஓர் ஆள்

எங்கள் பக்கம் துட்டி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. சாவு வீட்டுக்கு வரும் ஆண்கள், பந்தலில் இருக்கும் வீட்டு ஆண்களிடம் இரண்டு கையையும் நீட்டுவார்கள். இவர்கள் தொட்டுவிட்டால் முடிந்தது. பிறகு மழை, உளுந்து விலை என்று பேச்சு போய்விடும். பெண்கள் உள்ளே வந்து வீட்டுப் பெண்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். என் அம்மா செத்த அன்று என்னிடம் கை நீட்டுவதா, என்னைக் கட்டி அழுவதா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

அந்த வீட்டில் மகனாகப் பிறந்து, பெண்ணாக வாழ்கிறவள் நான். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறேன். அப்பா என்னோடு பேசி வருஷக்கணக்காகிறது. அம்மா மட்டும் அவர் காட்டுக்குப் போன நேரம் பார்த்து போன் பண்ணுவாள். "சாப்ட்டியா தாயி?" என்பாள். வேறென்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் பெரிதாக இல்லை.

தங்கை சொல்லித்தான் சாவு தெரிந்தது. நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழை பெய்த கரிசலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். சேலைதான் கட்டியிருந்தேன். கொள்ளி வைக்கத் தம்பி இருந்ததால் என்னை வேட்டி கட்டச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி. அம்மாவின் தலைமாட்டில், சுவரோரமாக உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. துக்கத்தைத் தனியாக அழுதுவிடலாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ச் சாவைப் பார்த்ததில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மத்தியானத்துக்கு மேல் இடைசெவலிலிருந்து ஒரு பெண் வந்தாள். அம்மாவுக்குத் தூரத்துத் தங்கச்சி முறை. என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். தலைமாட்டில் இருப்பது மகளாகத்தான் இருக்கும் என்று நேராக வந்து என் கழுத்தில் விழுந்தாள்.

"ஏ மகளே, ஒங்கம்மையப் பறிகுடுத்திட்டியே! இனி யாருட்டப் போயி ஒன் கொறையச் சொல்லுவ?"

நான் உடைந்துபோனேன். அவள் தோளில் முகத்தை வைத்துக் கதறினேன். அவள் மேல் அடித்த வெற்றிலை வாசம்கூட அப்போது வேண்டியிருந்தது.

தங்கை எழுந்து வந்தாள். "சித்தி, நாந்தான் மக. அது எங்கண்ணன்."

கழுத்திலிருந்த கைகள் விலகின. அந்தம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "தெரியாமத் தொட்டுட்டேன்யா. தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து அழுதாள். என் அழுகை பாதியில் நின்றுபோனது. தங்கை மேல் வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. கெட்டவள் இல்லை அவள். செத்த அம்மாவுக்கு மகள் ஒருத்திதான் என்று அவளுக்குக் கணக்கு, அவ்வளவுதான்.

சாயங்காலம் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் வந்து, விழுந்து கும்பிட்டுவிட்டுக் குளிக்கத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அண்ணன் என்று ஆக்கிவிட்டீர்கள் அல்லவா, சரி, அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அம்மாவோடு சுடுகாடு வரைக்கும் நடக்கிறேன் என்று வீம்பு வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்களுக்குப் பின்னால் நடந்தேன்.

முன்னால் போன அப்பா நின்று திரும்பினார். என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"பொம்பளைக சுடுகாட்டுக்கு வரக்கூடாது. அங்கனயே நில்லு."

அவர் வாயிலிருந்து பொம்பளை என்ற அந்த வார்த்தை வராதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். நின்றுவிட்டேன். பாடை ஓடையைத் தாண்டி மறைந்தது. தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் போயிருந்தார்கள்.