மேல் வீட்டுப் பிரெஞ்சு

மேல் வீட்டுக்கு அந்தப் பெண் குடிவந்தபோது நான் சத்தத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. கட்டிலும் பீரோவும் இழுபடும் ஓசை யார் குடிவந்தாலும் கேட்பதுதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, தலைக்கு மேல் கைதட்டல் கேட்டது. அப்புறம் தொம் தொம்மென்று காலடிகள். அதற்கும் அப்புறம் பிள்ளைகள் கூட்டமாக பிரெஞ்சில் பாட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் என் கூடத்திலும் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் பிரெஞ்சுதான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

உழவர்கரைப் பக்கம் ஒரு வீட்டின் நடு மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர். என் கணவர் மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு, கடற்கரைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கிறார். நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள், பிரான்சில் இருக்கிற மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வினைச்சொல்லை எல்லா வடிவத்திலும் ஒப்பிக்காமல் என் வகுப்பிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. சின்னப் பிள்ளைகள் முதல் அவர்களுடைய அம்மாக்கள் வரை எல்லாரும் என்னை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மேலே பாட்டு தொடங்கியதும் என் பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் கால் விரல் பாயில் தாளம் போட்டது.

“காலை ஆட்டாத. எழுது” என்றேன்.

மறுநாள் மேலே போய்க் கதவைத் தட்டினேன். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அரியாங்குப்பத்துப் பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தவுடன் சிரித்தாள்.

“வாங்கக்கா, கீழ் வீட்டு அக்காதான?”

“சத்தம் தாங்கல. பசங்க குதிக்கிறது அப்படியே எங்க தலைல விழுது. நானும் வகுப்பு எடுக்கணும் இல்ல.”

“ஐயோ, சாரிக்கா. தெரியாம போச்சி. கீழ ஜமுக்காளம் விரிச்சிடறேன்.” உடனே முகம் மலர்ந்தது. “நீங்க பெரிய டீச்சராமே! எனக்கு இந்த கிராமரெல்லாம் வராதுக்கா. ஹோட்டல் ரிசப்ஷன்ல இருந்தேன். வர்றவங்ககிட்ட பேசிப் பேசியே வந்துடுச்சி.”

கிராமர் வராது என்று ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாகச் சொல்வாள் என்று நான் நினைத்ததில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க வண்ணக் காகிதங்கள். உள்ளே வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவர் மடியிலும் நோட்டு இல்லை. என்னை மதாம் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டதும் சேர்ந்து நெஞ்சில் உறுத்தியது.

ஜமுக்காளம் விரித்தாள். காலடிச் சத்தம் குறைந்தது. பாட்டும் சிரிப்பும் குறையவில்லை. எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. சமையலறை ஜன்னல் ஓரம் நின்று அவளுடைய தப்புகளைப் பிடிப்பேன். பிரெஞ்சில் ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். அவள் மேசையை ஆணாக்குவாள், புத்தகத்தைப் பெண்ணாக்குவாள். ஒவ்வொரு தப்புக்கும் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். ஆனால் அந்தத் தப்பை அத்தனை பிள்ளைகளும் உற்சாகமாகத் திருப்பிச் சொல்வதைக் கேட்டால், கையிலிருக்கும் கரண்டியை வீசலாம் போலிருக்கும். சரியாகச் சொல்லித்தரும் என் கூடத்திலிருந்து ஒருநாளும் அப்படி ஒரு குரல் எழும்பியதில்லை.

காலில் தாளம் போட்ட பெண்ணின் அம்மா ஒரு நாள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“கோச்சுக்காதீங்க மதாம். பொண்ணு மேலதான் போவேன்னு ஒரே அடம். நான் இன்னா பண்றது?”

“போகட்டும், அதனால என்ன” என்றேன். கதவைச் சாத்திவிட்டு நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

அவர் பிரெஞ்சுப் படையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். கீழே போனபோது மாடிப்படியின் அடியில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, மேலிருந்து வரும் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“குடியிருக்கிற வீட்ல இப்படிக் கூட்டம் கூட்டினா எப்படிங்க? எனக்கு மண்டைய பொளக்குது” என்றேன்.

“இது சின்ன புள்ளைங்க பாட்டும்மா. நான் அங்க இருந்தப்ப என் பசங்க பாடினது” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி. உனக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. நான் வழி பண்றேன், போ” என்றார்.

அவர் செய்த வழி, மொட்டை மாடியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தது. தன் செலவில் இரண்டு விளக்குகூடப் போட்டுக்கொடுத்தார். நாங்கள் அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக இருக்கிறோம். கொடி கட்ட ஒரு ஆணி அடிக்கவும் அவரிடம் அனுமதி கேட்கவேண்டும்.

என் தலைக்கு மேல் சத்தம் நின்றது உண்மை. ஆனால் அது தெருவுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மளிகைக் கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மாதம் திரும்புவதற்குள் மாடிப்படியில் செருப்புகள் என் வாசல்வரை வரிசையாகக் கிடந்தன. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். சிலர் தாண்டாமல் மேலேயே போய்விட்டார்கள்.

ஒரு மாலை மேகம் கட்டிக்கொண்டு வந்தது. கணவருக்கு அன்று விடுமுறை. “ஏங்க, துணிய எடுத்துட்டு வந்துடுங்க” என்று மேலே அனுப்பினேன். போனவர் வரவில்லை. தூறல் போட்டு நின்றும்விட்டது. என்னவோ என்று நானே ஏறினேன்.

கடைசிப் படியில் நின்றபோது அவர் குரல் கேட்டது. தோளில் என் புடவையும் போர்வையும் தொங்க, கையிடுக்கில் தலையணை உறையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார். பிரெஞ்சில். ஒரு வார்த்தையில் நாக்கு பிறழ்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவள் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள், அவர் மறுபடியும் சொன்னார்.

கல்யாணமான புதிதில் அவருக்குப் பிரெஞ்சு சொல்லித்தர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடை வேலைக்குப் போன பிறகும் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். வெள்ளைக்காரர்கள் வருகிற கடை, நாலு வார்த்தை தெரிந்தால் நல்லது என்பேன். கொட்டாவி விடுவார், இல்லையென்றால் டிவி போடுவார். அந்த மனிதர் இப்போது ஈரத் துணியோடு நின்று பாடுகிறார். என் வயிறு எரிந்த எரிச்சலை இன்றுவரை மறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அவர் வந்து ஈரத் துணியை நாற்காலிகளில் விரித்துப் போட்டார். தட்டில் தோசையைப் போட்டேன்.

“மேல இன்னா அவ்ளோ நேரம்?”

“சும்மா நின்னுட்டு இருந்தேன்.”

“பாடினீங்களே, கேட்டேன்.”

அவர் தோசையைப் பிய்த்தபடியே இருந்தார். “ஆமா, பாடினேன்.”

“இத்தன வருஷமா நான் கூப்பிட்டு வராத பிரெஞ்சு, அவகிட்ட மட்டும் எப்படி வருது?”

“நீ சொல்லித்தந்தா பரீட்ச எழுதற மாதிரி இருக்கு. அங்க தப்பா சொன்னாகூட சிரிச்சிட்டுப் போயிடறாங்க.” என் முகத்தைப் பார்த்தார். “கோவமா?”

“எனக்கென்ன கோவம்” என்று சொல்லி அடுத்த தோசையைக் கருகவிட்டேன்.

அதன்பிறகு விடுமுறை நாள்களில் ஒளிவு மறைவில்லாமல் மேலே போய்வந்தார். கடைக்கு வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்கு வழி சொன்னதைப் பெருமையாக வந்து சொன்னார். அவர் சொன்ன வாக்கியத்தில் இரண்டு தப்பு. அதை வைத்தே அந்தத் தம்பதி போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கடைசியில் சத்தம் அடியோடு நின்றது என்னால் அல்ல. அவள் முன்பு வேலை பார்த்த ஹோட்டலில் தங்கி அவளோடு பழகிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் அவளுக்கு பிரான்சில் வேலை ஏற்பாடு செய்தது. விசா கிடைத்தது என்று இனிப்போடு என் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள்.

“நெஜமாவே போறியா?” என்றேன். நான் இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். சென்னை விமான நிலையத்தை யாரையாவது வழியனுப்பப் போனபோதுதான் பார்த்திருக்கிறேன்.

அவள் இனிப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அக்கா, பயமா இருக்கு. ஹோட்டல்ல வர்றவங்க நம்ம ஊருக்கு வந்தவங்க, அனுசரிச்சுப் பேசுவாங்க. அங்க போயி நான் பேசினா புரியுமா? சிரிப்பாங்களா?”

மேசையும் புத்தகமும் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. எத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த தப்புகள்! அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புரியும், நல்லாவே புரியும்” என்றேன். பிறகு மனசு கேட்காமல், “மேசை பொம்பள. அத மட்டும் மாத்திக்க” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கிளம்பும்வரை தினமும் மத்தியானம் கீழே வந்தாள். பொருள்களைக் காட்டிக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டாள். ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொண்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் போன பிறகு சில பிள்ளைகள் என்னிடம் திரும்பி வந்தார்கள். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவர்களைப் பாடச் சொல்லிப் பார்த்தேன். கைதட்டினேன். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டை எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேல் வீட்டில் இப்போது ஒரு பேங்க்காரர் குடும்பம். சத்தமே கிடையாது.

போன வாரம் என் கணவரின் போனில் அவள் வீடியோவில் வந்தாள். தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபடியே பேசினாள். அவளுக்குப் பின்னால் கடைகள், ஈரமான கல் பாவிய சாலை, பைகளோடு போகிற மனிதர்கள். அவர் பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

“அக்கா, அடுத்த வருஷம் லீவுல வரேன். உங்களுக்கு இன்னா வாங்கிட்டு வரட்டும்?”

ஒன்றும் வேண்டாம் என்றேன். யாரோ அவளைக் கடந்து போகும்போது ஏதோ கேட்டார்கள். அவள் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னாள், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவள் நிற்கிற அந்தத் தெருவில், அவள் இடத்தில், நான் நிற்கவேண்டும் போலிருந்தது. அதை எப்படிக் கேட்பது? உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் ரொம்ப நேரம் நிற்காதே என்று சொல்லிவிட்டு போனை அவரிடம் கொடுத்தேன்.