ரயிலில் படித்ததும் போனில் படிப்பதும்

போன மாதம் இரண்டு நாவல்கள் படித்தேன். முதலாவது கடலோரத்துக் கதை. வர்ணனை ஜாஸ்தி, பாதிக்கு மேல் கடமைக்குத்தான் புரட்டினேன். இரண்டாவது, ஒரே வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் இரண்டு பெண்களின் கதை. அதைப் படிக்கப் படிக்க என் ரயில் தோழியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் இருந்தோம். காலையில் காட்பாடியில் ரயில் ஏறுவோம். ஸ்டேஷன் கடையில் வாங்கிய மாத நாவலை இருவர் மடியிலும் விரித்து ஒன்றாகப் படிப்போம். அவள் என்னைவிட வேகம். பக்கத்தின் முனையைத் தூக்கிப் பிடித்தபடி, "முடிச்சியா இல்லியா?" என்று நச்சரிப்பாள்.

ஒரு நாள் குடியாத்தம் தாண்டியதும் கையால் பக்கத்தை மறைத்தாள். "வேணாம், நீ படிக்காத. அவ செத்துட்டா." கதாநாயகியைத்தான் சொன்னாள். கம்பெனிக்குள் நுழைந்த பிறகும் அவள் அழுகை நிற்கவில்லை. சூப்பர்வைசர் பயந்துபோனார்.

"இன்னாம்மா ஆச்சு? வீட்ல யாருக்காச்சும் முடியலயா?"

"அக்கா மாதிரி சார்..." என்றாள். அவர் உடனே லீவு கொடுத்துவிட்டார். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண் எப்படிச் செத்திருப்பாள் என்று யோசித்தபடியே நான் அன்று முழுக்கத் தைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனால், பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கே போகவில்லை.

"ஏய், அவ சாவல டீ! ஆஸ்பத்திரில பொழச்சிக்கினா!" என்று கத்தினாள்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "நல்லா இருக்கட்டும்மா. எந்த ஆஸ்பத்திரி?" என்று அக்கறையாகக் கேட்டார். ரயில் வரும்வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கல்யாணமாகி அவள் ஓசூர் போய்விட்டாள். அதன்பின் எவ்வளவோ நல்ல புத்தகங்கள் படித்துவிட்டேன். எதற்கும் அவளைப் போல அழுததில்லை, அன்று போலச் சிரித்ததும் இல்லை.

இந்த வாடகை அறை நாவலை முடித்ததும் அவளுக்குப் போன் செய்தேன். "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா, பேஜாரா இருக்குது. நீயே படிச்சுக் காட்டேன்," என்றாள். அன்றிலிருந்து மத்தியான வேளைகளில் வாசித்துக் காட்டுகிறேன்.

கதையில் மூத்தவள் அறை ஜன்னலைத் திறக்கவே விடமாட்டாள். கல்நெஞ்சக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோழியோ அந்த இடம் வந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அவளுக்குக் குளிரு தாங்கல. அத வெளிய சொல்ல வெக்கம். எங்க மாமியாரும் இப்படித்தான்."

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கங்களைத் திரும்பவும் பார்த்தேன். ஜன்னல் சண்டை வரும்போதெல்லாம் மூத்தவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். தனியாகப் படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.