தம்பியின் தீவும் தம்பியின் காணியும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசவே கூச்சப்படுகிறவள், உலகச் சட்டத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி அங்கே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அவன் வடதுருவத்துக்குக் கிட்ட ஒரு தீவில், விடுதியொன்றில் அறைகள் துப்புரவாக்குகிறான். தீவு நோர்வேக்குச் சொந்தம். ஆனால் பல நாடுகள் சேர்ந்து கையெழுத்து வைத்த பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதாம். அதனால் வேறு நாட்டவரும் விசா இல்லாமல் அங்கே இருக்கலாம். உழைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வயது போய் உழைக்க முடியாமல் போனால் இருக்க விடமாட்டார்கள். அப்போது அவன் திரும்பி வர, இங்கே விசுவமடுவில் என் காணிக்குப் பக்கத்தில் கிடக்கும் அவனுடைய காணியைத் தவிர வேறு இடம் இல்லை.

போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது என் பக்கத்தை வெட்டித் துப்புரவாக்கிக் கச்சான் கடலை போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி வைக்கவில்லை. ஆள் இல்லாத காணியில் விதைத்தால், பிடிக்கப் பார்க்கிறாள் என்று ஊரில் கதை வரும். தொடாமல் விடுவதுதான் மரியாதை. பற்றை வளர்ந்து மரமானது. போன மாதம் வன இலாகாக்காரர் வந்து, இது காடு, எல்லைக்கல் போடப்போகிறோம் என்றார்கள். அரசாங்கம் தம்பிக்குத் தந்த காணிப் பெர்மிற்றைக் காட்டினேன். பயிர் செய்த அடையாளம் எங்கே என்று கேட்டார்கள்.

தம்பிக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன்.

"அக்கா, இஞ்ச ரஷ்யாக்காரர் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வச்சிருக்கினம். நட்டம்தான். எண்டாலும் மூடமாட்டினம்."

"ஏனாம்?"

"மூடினா ஆக்கள் போயிடுவினம். ஆக்கள் போனா, இஞ்ச தங்களுக்கும் பங்கு எண்டு சொல்ல அவைக்கு என்ன கதை இருக்கு? சீனாக்காரரும் ஆராய்ச்சி எண்டு ஒரு வீட்டில இருக்கினம். வாசலில ரெண்டு கல் சிங்கம்."

"இஞ்ச கொடியில நிக்கிற சிங்கம் அங்கயும் வந்திட்டுதோ?"

சிரித்தான். "பனி உருகினா கப்பல் விடலாம், எண்ணெய் எடுக்கலாம் எண்டு எல்லாருக்கும் கண். அதுதான் நட்டத்துக்கும் குந்தியிருக்கினம். நீங்களும் நட்டத்துக்கெண்டாலும் நாலு கச்சானைப் போட்டிருக்கலாம்."

"உன்னைக் கேளாமலோ?"

"கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"அக்காட்டை வேலை வாங்கிறன் எண்டு நினைப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

போனை வைத்தேன்.

கல் போட வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல்நாள் காலை, வேலியைப் பிரித்து உள்ளே போனேன். பற்றையை வெட்டி, பாய் விரிக்கிற அளவுக்கு நிலம் கொத்தி, கச்சான் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். படம் எடுத்து அனுப்பினேன்.

"ஒரு கொடியும் நடுங்கோ அக்கா" என்று பதில் வந்தது. "ரஷ்யாக்காரர் வடதுருவத்தில கடலுக்கு அடியில போய் நட்டவை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கை கழுவிவிட்டு உலை வைத்தேன்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். கல்லை என் வேலியோரமாக, தம்பியின் காணி முழுவதும் காட்டுப் பக்கம் விழ, நட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானம் மழை பெய்தது.