மாமாவின் இடது கை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பரீட்சையில் பக்கத்துப் பையனுக்கு விடை சொல்லிக் கொடுப்பதைப் பெரிய தர்மமென்று நம்பி வளர்ந்த மடையன் நான். எனக்கே விடை தெரியாத பாடங்களில்கூடத் தாராளமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் அந்தத் தர்மத்தை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனேன்.

சோமனூரில் தறி மெக்கானிக்காக இருந்த என் மாமா, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டியோடு விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டார். ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழாத் திடலில் ராட்டினமெல்லாம் போட்டிருந்தார்கள். அம்மா ராட்டினத்தில் ஏறமாட்டாள், அப்பாவுக்குத் தலை சுற்றும். மாமாதான் என்னோடு ஏறுவதாக இருந்தார்.

மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் அக்கா வந்து பேர், இடம், கிழமை கேட்பார். கண்ணில் டார்ச் அடிப்பார். தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வார். தாளைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, மார்க் போடுகிறார். பாஸானால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

காலையில் மாமா வெளுத்து வாங்கினார்.

"உங்க பேரு என்னங்க?"

"போன தடவ சொன்ன அதே பேருதானுங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை வலிக்கிறதென்று சுருண்டு படுத்துக்கொண்டார். அக்கா வந்து கிழமை கேட்டபோது பதிலே இல்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கட்டிலோரம் குனிந்து, "சனி, சனி" என்று கிசுகிசுத்தேன்.

"சனி" என்றார் மாமா.

"உங்களையக் கேக்கலீங்க தம்பி" என்றார் அக்கா என்னிடம்.

அடுத்து, கண்ணை மூடி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். வலது கை நின்றது. இடது கை மட்டும், வகுப்பில் தூங்கி வழிபவன் தலையைப்போல, மெல்ல மெல்லத் தணிந்தது. மார்க் போகிறதே! போர்வைக்கடியில் கையை விட்டு, மாமாவின் முழங்கைக்கு என் விரலை முட்டுக் கொடுத்தேன்.

"விரல எடு."

அந்த அக்கா 'ங்க' போடாமல் பேசி அப்போதுதான் கேட்டேன். எடுத்தேன். மாமாவின் கை தொப்பென்று விழுந்தது. அக்கா எதையும் எழுதவில்லை, டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மறுபடி ஸ்கேன். பொழுது சாய்வதற்குள் மாமாவின் தலையை மொட்டையடித்து, மண்டையைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். நோம்பி நாங்கள் இல்லாமலே முடிந்துபோனது. அம்மா அழுததை விட ராட்டினத்துக்காக நான் அழுதது அதிகம்.

வீட்டுக்குக் கிளம்பிய நாளில் மாமா அதே இடது கையால் என் காதைத் திருகி, எப்படியிருக்கிறது பிடி என்று கேட்டார். வலித்தது. அக்காவிடம் கொடுக்கச் சொல்லி அம்மா ஒரு பெட்டி தேங்காய் பன் கொடுத்துவிட்டாள். பன்னோடு என் வருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

"நீங்க மட்டும் என் விரலப் பாக்காம இருந்திருந்தா, மாமா அடுத்த நாளே நோம்பிக்கு வந்திருப்பாருங்க்கா."

அக்கா ஒரு பன்னைப் பிட்டு, பாதியை என் கையில் வைத்தார்.

"வந்திருக்க மாட்டாரு கண்ணு."